கட்டுகஸ்தோட்டையில் சுழன்ற பந்து

கொத்மலை ஓயா தேயிலை மலைகளின் மழையைச் சுமந்து மகாவலியில் கலக்கிறது. அந்த ஆறு கம்பளை, பேராதனை தாண்டி கட்டுகஸ்தோட்டைக்கு வரும் இடத்தில், கரையோரமாகவே நிற்கிறது புனித அந்தோனியார் கல்லூரி. 1854இல் தொடங்கிய, பெனடிக்ற் சபைத் துறவிகளின் பள்ளிக்கூடம். மேலே கொத்மலை அணைக்கட்டு வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்த 1980களின் தொடக்கத்தில், ஒன்பது வயதுப் பையன் ஒருவன் இங்கே சேர்க்கப்பட்டான். முத்தையா முரளிதரன்.

‘தோட்டத்திலிருந்து வந்த பிள்ளை’ என்று மலையகத்தில் அவரை உரிமையோடு சொல்வார்கள். அந்த உரிமை நியாயமானதுதான். ஆனால் அவர் தோட்டத் தொழிலாளரின் லயத்து வீட்டிலிருந்து நேராக டெஸ்ட் மைதானத்துக்கு வரவில்லை. தாத்தா பெரியசாமி சின்னசாமி 1920இல் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவர். பின்னாளில் அவர் பெண்மக்களுடன் திருச்சிராப்பள்ளிக்கே திரும்பிவிட, மகன் முத்தையா உள்ளிட்ட ஆண்மக்கள் இங்கேயே தங்கினார்கள். முத்தையா கண்டியில் பிஸ்கட் தொழில் நடத்தினார். தோட்டத்துக்கும் டவுனுக்கும் இடையே உள்ள அந்த ஒரு படியை ஏற ஒரு தலைமுறை பிடித்தது. அந்தப் படியில் கால் வைக்க முடியாதவர்கள் இலட்சக்கணக்கில் இருந்தார்கள்.

மலைநாட்டுக்குக் கிரிக்கெட் புதிதல்ல. தோட்டங்களை நடத்திய வெள்ளைக்காரத் துரைமார் 19ஆம் நூற்றாண்டிலேயே ரதெல்லவிலும் தரவளையிலும் கிளப் அமைத்து, மலைச்சரிவைச் சமப்படுத்தி, புல் வளர்த்து ஆடினார்கள். அந்த மைதானங்கள் இன்றும் இருக்கின்றன. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போய், கொழுந்து நிறுத்து, நாள் சம்பளத்துக்குப் பேர் விழுந்ததா என்று பார்த்துத் திரும்பும் குடும்பத்துக்கு அந்த வேலிக்கு அப்பால் வேலை இருந்தது, ஆட்டம் இருக்கவில்லை. தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது லயத்துக்கும் தேயிலைக்கும் நடுவில் உள்ள துண்டு நிலம்தான். அங்கே ஓங்கி அடித்தால் பந்து தேயிலைக்குள் போய்விடும், பிறகு ஆட்டம் பந்து தேடுவதாக மாறிவிடும்.

இன்னொரு வேலியும் இருந்தது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் ஏறத்தாழ ஏழு இலட்சம் மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தபோது, 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேர் இலங்கைக்கு என்றும் கணக்குப் போடப்பட்டது. மிச்சப் பேரின் கதை பத்து வருடம் கழித்துத்தான் பேசப்பட்டது. ஒரே வீட்டில் அண்ணன் இந்தக் கரை, தம்பி அந்தக் கரை என்று ஆனது அப்போதுதான். அடுத்த வருடம் எந்த நாட்டில் இருப்போம் என்று தெரியாத வீட்டில் பிள்ளைக்கு மட்டை வாங்கித் தருவதைப் பற்றி யார் யோசிப்பார்கள்?

டவுனுக்கு வந்தவர்களும் தப்பவில்லை. 1977 கலவரத்தில் முத்தையாவின் தொழிற்சாலை எரிக்கப்பட்டது, அவரும் தாக்கப்பட்டார். முரளிக்கு அப்போது ஐந்து வயது. 1983 ஏப்ரலில் கண்டி அஸ்கிரிய மைதானத்தில் முதல் டெஸ்ட் ஆட்டம் நடந்தது, எதிரணி அவுஸ்திரேலியா. அதற்கு மூன்று மாதம் கழித்து வந்தது ஜூலைக் கலவரம். கண்டியில் தமிழ்ப் பையன் ஒருவன் கிரிக்கெட் கற்றுக்கொண்ட வருடங்கள் இவை.

பள்ளியில் அவர் முதலில் வீசியது மிதவேகப் பந்து. பதினான்கு வயதில் பயிற்சியாளர் சுனில் பெர்னாண்டோ, ‘ஓஃப் ஸ்பின் போடு’ என்ற வகையில் சொன்ன ஆலோசனை எல்லாவற்றையும் திருப்பிப்போட்டது. பொதுவாக ஓஃப் ஸ்பின்னர்கள் விரலால் பந்தைத் திருப்புவார்கள். முரளியின் வலது முழங்கை பிறவியிலேயே முழுதாக நீளாதது. மணிக்கட்டோ எந்தப் பக்கமும் சுழலக்கூடியது. அந்த மணிக்கட்டால் அவர் ஓஃப் ஸ்பின் போட்டார். புத்தகத்தில் இல்லாத ஒன்றைக் கண்டவுடன் திருத்தப் பார்ப்பதுதான் பயிற்சியாளர்களின் வழக்கம். அப்படித் திருத்தாமல் விட்ட சுனில் பெர்னாண்டோவின் பெயரை முரளியின் பெயருக்குப் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடலாம்.

நான்கு வருடம் கல்லூரியின் முதல் பதினொருவர் அணியில் ஆடினார், அதுவும் நடுவரிசையில் துடுப்பெடுத்தாடும் சகலதுறை வீரராக. பதினோராம் ஆளாக இறங்கிக் கண்ணை மூடிக்கொண்டு சுழற்றும் முரளியைப் பார்த்துச் சிரித்தவர்கள் இதை நம்புவது கஷ்டம். கடைசி இரண்டு பருவங்களில் நூறு விக்கெட்டுகளுக்கு மேல் வீழ்த்தினார். 1990/91இல் பாட்டா நிறுவனத்தின் சிறந்த பாடசாலைக் கிரிக்கெட் வீரர் விருது கிடைத்தது. இலங்கையில் பள்ளிக் கிரிக்கெட்டுக்கு உள்ள மவுசைத் தெரிந்தவர்களுக்கு, அந்த விருது எத்தனை கதவுகளைத் திறக்கும் என்று தெரியும்.

திறந்த கதவு கொழும்பில், 1899இல் தொடங்கிய தமிழ் யூனியன் கழகம். அங்கிருந்து 1991இல் இலங்கை ‘ஏ’ அணியுடன் இங்கிலாந்துப் பயணம். ஐந்து ஆட்டம் ஆடினார், ஒரு விக்கெட்கூட விழவில்லை. பலரின் கதை இந்த இடத்திலேயே முடிந்துவிடும்.

1992இல் அலன் போர்டரின் அவுஸ்திரேலிய அணி வந்தது. பயிற்சி ஆட்டம் ஒன்றில் முரளி கவனிக்கப்பட்டார். முதல் டெஸ்டில், வெற்றி கைக்கெட்டிய தூரத்தில் இலங்கை சரிந்து 16 ஓட்டங்களால் தோற்றது. கடைசி மூன்று விக்கெட்டையும் ஓட்டமே கொடுக்காமல் எடுத்தவர் ஷேன் வோர்ன் என்ற, அதுவரை யாரும் பெரிதாக எண்ணாத இளைஞர். ஓகஸ்ட் 28ஆம் திகதி கெத்தாராமவில் இரண்டாவது டெஸ்ட் தொடங்கியபோது இருபது வயது முரளி அணியில் இருந்தார். முதல் விக்கெட் கிரேக் மக்டர்மொட், எல்பிடபிள்யூ. பிறகு ரொம் மூடிக்கு வீசிய பந்து: ஓஃப் ஸ்டம்புக்கு வெளியே இரண்டடி தள்ளி விழுந்து, உள்ளே திரும்பி, லெக் ஸ்டம்பைச் சாய்த்தது. ஆட்டம் முழுவதற்கும் சேர்த்து 141 ஓட்டங்களுக்கு 3 விக்கெட், அவ்வளவுதான். ஆனாலும் அவுஸ்திரேலியர்கள் பந்தை விட்டுவிட்டுக் கையைப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். அந்தப் பார்வை 1995 பொக்சிங் நாளன்று மெல்பேர்னில், நடுவர் டரல் ஹெயர் ஏழு தடவை ‘நோ போல்’ சொன்னபோது பெரும் சர்ச்சையாக வெடித்தது.

அதற்கு முன்பே, 1993 ஓகஸ்டில் மொறட்டுவையில், தென்னாபிரிக்காவின் முதல் இன்னிங்ஸில் 104 ஓட்டங்களுக்கு 5 விக்கெட் எடுத்திருந்தார். டெஸ்டில் அவருக்கு முதல் ஐந்து அது. கெப்ளர் வெசல்ஸ், ஹன்சி குரோன்யே, ஜொன்ரி ரோட்ஸ் மூவரும் அந்த ஐந்தில் அடக்கம்.