கடைசி வீட்டுக்கு எப்போ வரும்? அயர்லாந்து கிராமங்களின் ஃபைபர் கதை

2020 ஏப்ரல். கொரோனா வார்டு டூட்டி முடிஞ்சு ரூமுக்கு வந்ததும் அயர்லாந்தில் இருக்கும் என் பேட்ச்மேட்டுக்கு வீடியோ கால் போடுவேன். மயோ கவுன்டியில் (கவுன்டி என்றால் நம்ம மாவட்டம் மாதிரி) டவுனுக்கு வெளியே ஒரு வீடு எடுத்துத் தங்கியிருந்தான். "மச்சான், கேக்குதா..." என்பதோடு முகம் அப்படியே உறைஞ்சு நின்னுடும்.

"கூகுளும் ஃபேஸ்புக்கும் ஐரோப்பாவுக்கான ஹெட் ஆபீஸை உங்க ஊர்ல தானடா வெச்சிருக்கான். உனக்கு நெட் இல்லையா?" என்று கேட்டேன்.

"அது டப்ளின்டா. இங்க ஃபைபர் மெயின் ரோட்டோட நின்னுடுச்சு. என் வீடு ரோட்டிலிருந்து 700 மீட்டர் உள்ள."

அந்த 700 மீட்டர் என் மண்டையில் ஏறி உட்கார்ந்துகிட்டது. அதுக்கப்புறம் கிடைக்கும் நேரத்தில் எல்லாம் படிச்சதைத்தான் இங்க எழுதறேன். கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா வாங்க.

முதலில் ஒரு வேடிக்கை. அட்லாண்டிக் கடலுக்கு அடியில் போட்ட முதல் தந்திக் கேபிள் கிளம்பியது அயர்லாந்தின் ஒரு கிராமப்புறத் தீவிலிருந்துதான். கெர்ரி கவுன்டி, வாலன்ஷியா தீவு, 1858. விக்டோரியா மகாராணி அமெரிக்க ஜனாதிபதிக்கு அனுப்பிய 98 வார்த்தை வாழ்த்து போய்ச்சேர 16 மணி நேரம் ஆச்சு. மூணு வாரத்தில் கேபிள் செத்துப்போச்சு. சிக்னல் பலவீனமா இருக்குதேன்னு சுமார் 2000 வோல்ட் ஏத்தி மிச்சமிருந்த உயிரையும் எடுத்தவர் வைல்ட்மேன் ஒயிட்ஹவுஸ். அவர் தொழில்முறையில் ஒரு சர்ஜன்! டோஸ் பத்தலைன்னா கூட்டிப் பார்ப்போம் என்கிற நம்ம ஆளுங்க புத்தி அப்பவே இருந்திருக்கு. 1866ல் போட்ட கேபிள்தான் நிலைச்சு நின்னது.

அமெரிக்காவோட அவ்வளவு சீக்கிரம் பேசிய அதே கெர்ரி கவுன்டியில் பிளாக் வேலி என்று ஒரு பள்ளத்தாக்கு இருக்கு. அங்கே வீடுகளுக்குக் கரன்ட் வந்தது 1970களின் பின்பாதியில்! கேபிள் ஊரைத் தொட்டுட்டுப் போகும், வீட்டுக்குள்ள வராது. இந்தக் கதை முழுக்க இதுதான் திரும்பத் திரும்ப நடக்குது.

கரன்ட் கதையை மட்டும் கொஞ்சம் நிதானமா சொல்றேன், ஏன்னா ஃபைபர் கதையின் வேர் அங்கேதான் இருக்கு.

1929லேயே ஷானன் ஆற்றில் ஆர்ட்னக்ரஷா நீர்மின் நிலையம் ஓட ஆரம்பிச்சுடுச்சு. நகரங்கள் மின்னின. கிராமத்தில் சுமார் 4 லட்சம் வீடுகள் மண்ணெண்ணெய் விளக்கோட இருந்தன. 1946 நவம்பர் 5ஆம் தேதி டப்ளின் கவுன்டி வடக்கே கில்சாலகன் என்ற இடத்தில் கிராம மின்மயத் திட்டத்தின் முதல் கம்பம் நட்டாங்க. அரசு மின்வாரியமான இஎஸ்பிதான் செஞ்சது. மொத்தம் 10 லட்சத்துக்கும் மேல் கம்பங்கள். அதில் நிறைய ஃபின்லாந்திலிருந்து கப்பலில் வந்த மரங்கள்.

இதை ரொம்பப் புனிதமாக்கவும் வேண்டாம். அங்கேயும் கணக்குப் பார்த்தாங்க. எந்தப் பங்கில் அதிக வீடுகள் கையெழுத்துப் போடுதோ அங்கே முதலில் லைன். ஆளில்லாத மலைப்பங்குகள் வரிசையின் கடைசியில். முதலில் சரின்னு சொல்லிட்டு ஆட்கள் வந்து நிற்கும்போது "வேண்டாம்பா" என்று பின்வாங்கியவர்களுக்குத் தனியா ஒரு பட்டப்பெயரே வெச்சிருந்தாங்க. கரன்ட் வந்தா கூரை தீப்பிடிக்கும்னு பயம், மாசா மாசம் நிலைக்கட்டணம் கட்டணுமேன்னு கவலை. வந்த வீடுகளில் பலதில் ஏசுவின் திரு இருதயப் படத்துக்கு முன்னாடி குட்டிச் சிவப்பு பல்பு எரிஞ்சது. முப்பது வருஷம் ஆனாலும் இஎஸ்பி பாதியில் விட்டுட்டுப் போகல. லாபம் வராத பள்ளத்தாக்கு வரைக்கும் கம்பம் போச்சு. அந்தக் கம்பமும் நாட்டுடையது.

அடுத்து டெலிபோன். 70களில் போனுக்கு எழுதிக் கொடுத்துட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த நாடு அது. இது நமக்குப் புதுசில்லை. ஆபரேட்டர் கையால் பிளக் செருகி இணைக்கும் கடைசி எக்ஸ்சேஞ்ச், கிளேர் கவுன்டி மவுன்ட்ஷானனில், மூடப்பட்டது 1987 மே மாசம்.

இங்கேதான் திருப்பம். 1999 ஜூலையில் அரசு தன்னோட டெலிகாம் நிறுவனத்தைப் பங்குச் சந்தையில் வித்தது. ஒரு பங்கு 3.90 யூரோ. 5 லட்சத்துக்கும் மேற்பட்ட சாதாரண ஜனங்க சேமிப்பைப் போட்டு வாங்கினாங்க. விலை சரிஞ்சது, நிறைய பேர் கையைச் சுட்டுக்கிட்டாங்க. எனக்கு அதைவிடப் பெரிய விஷயம், செம்புக் கம்பி, குழாய், ரோட்டோரக் கம்பம் எல்லாம் அதோட சேர்ந்து கைமாறிப் போனதுதான். அப்புறம் அந்த நிறுவனம் ஒரு முதலாளியிடமிருந்து இன்னொரு முதலாளிக்குப் போய், ஒவ்வொரு கைமாறுதலிலும் கடன் ஏறி, 2012ல் கோர்ட் பாதுகாப்பு கேட்கும் நிலைக்கு வந்தது. கடன் தலைக்கு மேல் நிற்கும் கம்பெனி எந்தக் குன்றில் ஏறி எந்தக் கிழவர் வீட்டுக்குக் கேபிள் இழுக்கும்?

பழைய செம்புக் கம்பியில் நெட் தரலாம். ஆனா எக்ஸ்சேஞ்சிலிருந்து தூரம் போகப் போக வேகம் செத்துடும். சர்க்கரை நோயாளிக்கு முதலில் மரத்துப்போவது கால் விரல்தானே? நீளமான நரம்பின் நுனிதான் முதலில் அடிவாங்கும். அப்படித்தான் இதுவும். அயர்லாந்துக் கிராமத்தில் நம்ம ஊர் மாதிரி தெருத் தெருவா வீடு கிடையாது. அவங்கவங்க நிலத்தில், அவங்கவங்க சந்தின் முடிவில் தனித்தனி வீடு. அதனால் நாடு முழுக்க நுனிகள்!

2012 ஆகஸ்டில் அமைச்சர் பேட் ராபிட் தேசிய பிராட்பேண்ட் திட்டத்தை அறிவிச்சார். 2015க்குள் எல்லோருக்கும் குறைந்தபட்சம் 30 எம்பிபிஎஸ். (படிப்பு இல்லைங்க, வேகம்.)

2015 வந்தப்போ ஆரம்பிச்சது டெண்டர் மட்டும்தான். போட்டியில் மூணு தரப்பு. 2017 ஏப்ரலில், அந்தப் பழைய டெலிகாம் நிறுவனமான எய்ர், திட்ட வரைபடத்திலிருந்து 3 லட்சம் வீடுகளுக்கு நாங்களே மானியமில்லாம போடறோம்னு ஒப்பந்தம் போட்டது. நல்ல விஷயம்தானேன்னு தோணும். ஆனா எடுத்தது ஓரளவு சுலபமான வீடுகளை. மிச்சம் நின்ற 5.4 லட்சம் வீடுகளும் அதிகச் செலவு பிடிக்கிறவை. என் நண்பன் வீடும் அந்த மிச்சத்தில்தான். அதே வருஷம் செப்டம்பரில் ஒரு போட்டியாளர் விலகினார். 2018 ஜனவரியில் எய்ரும் விலகியது. டெண்டரில் ஒரே ஒரு ஆள்!

அந்த அக்டோபரில் துறை அமைச்சர் டெனிஸ் நாட்டன் ராஜினாமா. மிச்சமிருந்த அந்த டெண்டர்காரரோடு தனியா விருந்து சாப்பிட்டது வெளியே வந்துடுச்சு. ஒவ்வொரு தடவையும் டிவியில் இது அரசியல் செய்தி. அந்த 5.4 லட்சம் வீடுகளுக்கு மட்டும் இன்னொரு வருஷம்.

2019 மே மாசம் பிரதமர் லியோ வரத்கர் அரசு ஒப்புதல் கொடுத்தது. செலவு சுமார் 300 கோடி யூரோ வரை. அரசின் சொந்தச் செலவினத் துறை அதிகாரிகளே வேண்டாம்னு எழுதிக் கொடுத்தும் கொடுத்தது. இவ்வளவு பணம் போட்டும் நெட்வொர்க் தனியார் கையில்தான் இருக்கும். 2019 நவம்பரில் கையெழுத்து. நாட்டின் நிலப்பரப்பில் 96 சதவீதம், சுமார் 11 லட்சம் மக்கள். ஃபைபரைத் தொங்கவிட எய்ரின் கம்பங்களை வாடகைக்கு எடுக்கணும். 1999ல் வித்த கம்பத்துக்கு 2019ல் மக்கள் வரிப்பணத்திலிருந்து வாடகை. நான் இதைப் படிச்சுட்டு ரெண்டு தடவை திரும்பப் படிச்சேன்.

அந்த அதிகாரிகள் சொன்னதில் நியாயமே இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா நாலே மாசத்தில் கொரோனா வந்தது. 2020 மார்ச் 12 முதல் பள்ளிகள் மூடல். கிராமத்து டாக்டர்கள் போனில் பார்த்து, ஹெல்த்மெயில் வழியா மருந்துச்சீட்டை நேரா மருந்துக்கடைக்கு அனுப்ப ஆரம்பிச்சாங்க. என் நண்பன் வீட்டுப் பக்கத்துப் பொண்ணு, பிளஸ் டூ மாதிரி ஒரு வகுப்பு, காரை மெயின் ரோட்டோரம் சிக்னல் கிடைக்கிற இடத்தில் நிறுத்தி, மடியில் லேப்டாப் வெச்சுப் பாடம் படிச்சிருக்கு. 2015ல் வந்திருக்க வேண்டிய கேபிள்.

அதுக்கப்புறமும் வேகம் எடுக்கல. 2022 ஜனவரிக்குள் 1,15,000 வீடுகள்னு வெச்ச இலக்கை 60,000ஆகக் குறைச்சாங்க. அதையும் தொடல. மரக்கிளை வெட்டணும், உளுத்த கம்பம் மாத்தணும், லாக்டவுன் வேற. பிறகுதான் ஓட ஆரம்பிச்சு, 2025ல் மூணில் ரெண்டு பங்கு வீடுகளுக்கு மேல் வாசல் வரை ஃபைபர் வந்துடுச்சு. மிச்சத்துக்கு 2026 இறுதின்னு கெடு.

நண்பனுக்கு 2023ல் கிடைச்சது. இப்போ வீடியோவில் அவன் தாடி நரைச்சது வரை தெரியுது.

அவன் சந்தின் முனையில் தனியா ஒரு பெரியவர் இருக்கார். எண்பது தாண்டியவர். வாசலில் ஃபைபர் நிற்குது, கனெக்ஷன் வாங்கல. ஏன்னு இவன் கேட்டிருக்கான். வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம்னா ஊருக்கே வந்துடுவேன்னு அவர் மகள் 2014ல் சொல்லியிருந்தாளாம். நெட் வர்ற மாதிரி தெரியலன்னு ஆஸ்திரேலியா போயிட்டா. இப்போ அங்கே வீடு, ரெண்டு குழந்தைங்க.

"எனக்கு ரேடியோ போதும்பா" என்றாராம்.