பிலமும் பொன்னும்: கோலார் தங்கவயலில் நின்று ஒரு மிகுபுனைவு வாசிப்பு

தமிழில் விரும்பிப் படிக்கத்தக்க அறிவியல் புனைகதைகளும் மிகுபுனைவுகளும் எவை என்னும் வினாவிற்கு ஒரு பட்டியலைத் தந்து அமைவது எளிது. சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’, அதன் தொடர்ச்சியான ‘மீண்டும் ஜீனோ’, ‘கொலையுதிர் காலம்’, ஜெயமோகனின் ‘விஷ்ணுபுரம்’ ஆகியன அப்பட்டியலில் தவறாது இடம்பெறும். அவை இடம்பெறுவதில் நமக்கும் மறுப்பில்லை. ஆயின் ஒரு நூலை எவ்விடத்தில் நின்று படிக்கின்றோம் என்பதைப் பொறுத்து அதன் மதிப்பீடு மாறுபடும். இக்கட்டுரை அந்நூல்களைக் கருநாடக மாநிலத்துக் கோலார் தங்கவயலில் நின்று படித்துப் பார்க்க முற்படுகின்றது. வட ஆர்க்காடு, சேலம், தருமபுரிப் பகுதிகளிலிருந்து பெயர்ந்த தமிழ்த் தொழிலாளர் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நிலத்தின் அடிக்குச் சென்று மீண்ட ஊர் அது.

தங்கவயலே ஒரு வாசிப்பின் விளைவு எனலாம். 1802இல் இப்பகுதியில் நில அளவையில் ஈடுபட்டிருந்த வாரன் என்னும் படை அலுவலர், ஊரார் மண்ணை அரித்துப் பொன்னெடுப்பதைக் கண்டு எழுதிவைத்தார். பல பத்தாண்டுகள் கழித்து அக்குறிப்பைப் படித்த லாவெல்லே என்னும் முன்னாள் படைவீரர் 1870களில் மைசூர் அரசிடம் சுரங்க உரிமை பெற்றார். 1880இல் ஜான் டெய்லர் நிறுமம் பொறுப்பேற்றது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் காலப்போக்கில் ஏறத்தாழ 3.2 கிலோமீட்டர் ஆழம் எட்டியது. அவ்வாழத்தில் பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியசைக் கடக்கும். பாறை அழுத்தம் தாளாது திடீரென வெடித்துச் சிதறுதலும், சிலிக்காத் தூசியால் நுரையீரல் கெடுதலும் அங்கு உழைத்தோரின் அன்றாட அச்சங்களாயின.

நிலத்தடி உலகம் பற்றிய கற்பனை தமிழுக்குப் புதிதன்று. கம்பராமாயணக் கிட்கிந்தா காண்டத்துப் பிலம் நீங்கு படலம் தமிழின் தலைசிறந்த மிகுபுனைவுப் பகுதிகளுள் ஒன்று என்பது எம் கருத்து. முதலில் பரிந்துரைக்கத்தக்கதும் அதுவே. சீதையைத் தேடித் தென்திசை சென்ற வானரர் இருள் செறிந்த பிலத்துள் புகுகின்றனர். வழி தெரியாது கலங்கும் அவர்கள் அனுமனின் வாலைப் பற்றிக்கொண்டு நடக்கின்றனர். இருளின் முடிவில் பொன்னொளி வீசும் நகரொன்று தோன்றுகின்றது. அதனைச் சமைத்தவன் மயன். இப்போது அதில் வாழ்வோர் எவருமிலர். சுயம்பிரபை ஒருத்தியே தவமிருக்கின்றாள். உட்புகுந்தோர் வெளியேற இயலாத அவ்விடத்தை அனுமன் பேருருக்கொண்டு பிளக்கின்றான். இருள், ஒருவர்பின் ஒருவராய்ச் செல்லும் வரிசை, அடியில் பொன், மீளும் வழி பற்றிய கலக்கம் என இப்படலத்தின் கூறுகள் யாவும் சுரங்கத்தில் இறங்கியோர்க்கு விளக்கவுரை வேண்டாதன.

மயில்ராவணன் கதை இதன் மறுமுனை. பாதாள வேந்தன் இராம இலக்குவரைக் கவர்ந்து சென்று அடியில் வைக்க, அனுமன் இறங்கி மீட்கும் அக்கதை பெரிய எழுத்து நூலாக அச்சேறிப் பரவியது. கூத்து மரபில் வேரூன்றிய வட ஆர்க்காட்டிலிருந்தே தங்கவயலுக்குப் பெருந்தொகையினர் குடிபெயர்ந்தனர் என்பது இங்கு நினையத்தக்கது.

எனினும் தங்கவயல் வாசகரைப் புராணக் கதையில் ஊறியவர் என்று மட்டும் கொள்ளுதல் பிழையாகும். அயோத்திதாசர் 1907இல் சென்னையில் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ பின்னர் ‘தமிழன்’ எனப் பெயர் பெற்றது. அவர் 1914இல் மறைந்த பின், 1926 முதல் கோ. அப்பாதுரையார் அதனைத் தங்கவயலிலிருந்து மீண்டும் நடத்தினார். அங்கிருந்த சித்தார்த்த புத்தகசாலை அயோத்திதாசரின் நூல்களை வெளியிட்டுப் பரப்பியது. ‘அரிச்சந்திரன் பொய்கள்’ என்னும் தலைப்பே அவ்வியக்கம் பழங்கதைகளை அணுகிய முறையைக் காட்டும். புராணங்களைப் பௌத்த வரலாற்றின் திரிபுகளாகப் படித்து, அசுரர் எனப்பட்டோர் யாவர் என வினவிய மரபு அது. அம்மரபில் பயின்றவர் பிலம் நீங்கு படலத்தைப் படிப்பின், பொன்னகரைச் சமைத்தவன் எங்கே போனான் என்றே முதலில் கேட்டிருப்பர். மிகுபுனைவை மயங்கிப் படித்தலும் மறுத்துப் படித்தலும் ஒரே ஊரில் உடனிருந்தன. தமிழ் மிகுபுனைவு வரலாற்றை எழுதுவோர் இவ்விரண்டாவதைக் கணக்கில் கொள்வதில்லை.

தற்கால நாவல்களுக்கு வருவோம். ‘என் இனிய இயந்திரா’ 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. கதை நிகழ்வது 2021இல். ஜீவா என்னும் சர்வாதிகாரி ஆளும் நாடு. கணவனை இழந்து தவிக்கும் நிலா. அவளுக்குத் துணையாகும் ஜீனோ என்னும் இயந்திர நாய். அவ்வாண்டு வந்து சென்றும் விட்டது. நாவலின் கருவிகளுள் சில பழையனவாகிவிட்டன. ஆட்சியாளரின் உருவம் உண்மைதானா என்னும் அதன் கேள்வி பழையதாகவில்லை. ‘கொலையுதிர் காலம்’ நிகழ்வுகளுக்குக் காரணம் ஆவியா அறிவியலா என்னும் ஐயத்தை இறுதிவரை இழுத்துச் செல்வது. நால்வகை நூல்களில் ஒன்றை மட்டும் ஒருவர் படிக்க இயலுமெனின் இதனையே சுட்டுவோம். ‘விஷ்ணுபுரம்’ (1997) சோனா நதிக்கரையில் ஒரு கோயில் நகரைப் படைத்து அழிக்கும் பெருநூல், பொறுமையுடையார்க்குரியது.

சுஜாதா பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பணியாற்றியவர். அங்கிருந்து தங்கவயல் ஏறத்தாழ 100 கிலோமீட்டர். அத்தொலைவில் அக்காலத்தே நிகழ்ந்துகொண்டிருந்தது எந்த அறிவியல் புனைகதைக்கும் குறையாதது. காஸ்மிக் கதிர்களால் எழும் துகள்களுள் பெரும்பாலானவற்றை மேலுள்ள பாறை தடுத்துவிடுமாதலின், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் 1950களிலேயே இச்சுரங்கங்களில் அளவீடுகளைத் தொடங்கினர். 1965இல் ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாருடன் இணைந்து, வளிமண்டல நியூட்ரினோவின் தடயத்தைக் கண்டனர். அவ்வாண்டிலேயே தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கமொன்றிலும் அது காணப்பட்டது. 1975இல் விளக்கவியலாச் சில நிகழ்வுகள் அறிவிக்கப்பட்டு, ‘கோலார் நிகழ்வுகள்’ என்றே இயற்பியலில் பெயர்பெற்றன. புதுத்துகள் ஒன்றின் அடையாளமோ என்ற ஐயம் எழுந்தது, அது உறுதிப்படவில்லை. 1980இல் புரோட்டான் சிதையுமா என்று காண 140 டன் எடையுள்ள இரும்புக் கருவி அடியில் நிறுவப்பட்டது. பொருளெல்லாம் ஒருநாள் அழியுமா என்னும் வினாவின் விடையை இருளில் அமர்ந்து காத்திருந்தனர்.

பிலத்துள் தவமிருந்த சுயம்பிரபையை நினையாது இதனைப் படிக்க எம்மால் இயலவில்லை.

மேற்கண்ட நாவல்கள் எவற்றின் களமும் இப்பிலம் அன்று. அவற்றின் அறிவியல் ஒளிர்திரை கொண்ட நகரங்களிலும் மாளிகைகளிலும் நிகழ்கின்றது. ஆய்வுக்கருவியை வைக்க இடம் குடைந்த கைகள் கதைக்குள் வருவதில்லை. ஆய்வுக் கட்டுரைகளின் ஆசிரியர் பட்டியலிலும் அவர்கள் இல்லை என்பதால் குறையை நாவலாசிரியர் மேல் மட்டும் ஏற்றுதல் முறையன்று. புதுமைப்பித்தன் ‘கபாடபுரம்’ சிறுகதையில் கடல்கொண்ட நகருக்கு இறங்கிச் சென்றார். அவருக்கும் அடியில் கிடைத்தது பண்டைப் பெருமையின் எச்சமேயன்றி உழைப்பன்று.

திரைப்படமே முதலில் இறங்கியது எனலாம். கே.ஜி.எஃப். என்னும் கன்னடப் படத்தை (2018) இங்குக் கருதவேண்டியதில்லை. அதன் நராச்சி பெயரளவில் மட்டுமே தங்கவயலோடு உறவுடையது. 2024இல் வெளிவந்த பா. இரஞ்சித்தின் ‘தங்கலான்’ அவ்வாறன்று. வட ஆர்க்காட்டு வேப்பூரிலிருந்து வெள்ளையன் ஒருவனுடன் பொன் தேடிப் புறப்படும் மக்கள், பொன்னைக் காக்கும் ஆரத்தி, மண்ணில் புதைந்த புத்தர் சிலை என அது மயங்கிப் படித்தலையும் மறுத்துப் படித்தலையும் ஒன்றாக்குகின்றது. ‘தமிழன்’ இதழின் வாசகர் அதனை உடனே இனங்கண்டிருப்பர். படத்தின் பிற்பகுதி சிதறுண்டிருத்தல் உண்மையே.

ஆயின் அப்படத்தின் காலம் டெய்லர் நிறுமத்துக்கு முற்பட்டது. ஆழ்சுரங்கக் காலம் இன்னும் எஞ்சியுள்ளது. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. நீரிறைப்பு நின்றபின் ஆழ்தளங்களில் நீர் நிறைந்தது. இறங்கி வேலைசெய்தோருள் இன்றிருப்போர் முதியவர்கள். சயனைடு மணல்மேடுகளின் அடிவாரத்து வரிசை வீடுகளில் அவர்களைக் கண்டு, அடியில் கேட்டவற்றையும் கண்டதாகச் சொல்பவற்றையும் பதிவுசெய்யும் ஆய்வாளர், பிலம் நீங்கு படலத்தையும் கையில் கொண்டுசெல்வாராக.