மைசூர் சமஸ்தானத்தில் பத்திரிகைக் கட்டுப்பாடு

தேவராஜ மொஹல்லா, மைசூர் நகரின் கடைவீதிப் பகுதி. தேவராஜ மார்க்கெட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் ரங்காசார்லு நினைவு மண்டபம் உள்ளது. செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த திவான் சி. வி. ரங்காசார்லு 1881-இல் 144 உறுப்பினர்களுடன் பிரதிநிதிகள் சபையைத் தொடங்கினார். தசராவை ஒட்டிக் கூடிய அச்சபையில் திவான் ஆண்டறிக்கை வாசிப்பார். உறுப்பினர்கள் குறைகளைச் சொல்லலாம், முடிவெடுக்கும் அதிகாரம் இல்லை. பத்திரிகை அச்சபைக்கும் முந்தியது: சமஸ்தானத்தின் முதல் பத்திரிகையாக 1859-இல் வந்த 'மைசூரு விருத்தாந்த போதினி' பொதுவாகக் குறிக்கப்படுகிறது.

1908-ஆம் ஆண்டின் மைசூர்ப் பத்திரிகைச் சட்டம் சமஸ்தானத்தின் பத்திரிகைக் கட்டுப்பாட்டு வரலாற்றில் முக்கிய நிகழ்வு. அரசின் முன் அனுமதி பெறாமல் பத்திரிகை நடத்தக் கூடாது என்றது அது. கொடுத்த அனுமதியை அரசே திரும்பப் பெறவும் வழிவைத்தது. அதே ஆண்டு பிரிட்டிஷ் இந்தியாவும் ஒரு பத்திரிகைச் சட்டம் இயற்றியிருந்தது. பாரதியின் 'இந்தியா' இதழ் சென்னையை விட்டுப் புதுச்சேரிக்குப் போனதும் அப்போதுதான். மைசூர்ச் சட்டம் பிரிட்டிஷ் ரெசிடென்டின் நெருக்குதலால் வந்தது என்பாரும், விமர்சனம் பொறுக்காத திவான் வி. பி. மாதவராவின் எண்ணம் என்பாரும் உண்டு. கும்பகோணத்தில் பிறந்த மாதவராவ், பின்னாளில் காங்கிரஸ் தூதுக்குழுவில் இங்கிலாந்து சென்று அரசியல் உரிமைகளுக்காக வாதாடினார் என்பதையும் சேர்த்தே குறிப்பிட வேண்டும்.

எதிர்ப்புக்கு முன்னின்றவர் எம். வெங்கடகிருஷ்ணையா (1844–1933). மரிமல்லப்பா பள்ளியின் தலைமையாசிரியர், ஊருக்குத் 'தாத்தய்யா'. 'விருத்தாந்த சிந்தாமணி' உள்ளிட்ட பத்திரிகைகளை நடத்தியவர், அனுமதி கேட்டு விண்ணப்பிப்பதைவிட நிறுத்துவதே மேல் என்று தம் பத்திரிகைகளை மூடினார். 'நடெகன்னடி' ஆசிரியர் எம். சீனிவாச ஐயங்காரும் அவ்வாறே செய்தார்.  தாத்தய்யா பின்னர் மீண்டும் பத்திரிகைத் துறைக்குத் திரும்பினார்.

பத்திரிகைகளுக்கு அப்பால் வானொலியும் மைசூரில் எழுந்தது. 1935-இல் மகாராஜா கல்லூரி உளவியல் பேராசிரியர் எம். வி. கோபாலசாமி, தம் வீட்டில் சிறிய ஒலிபரப்புக் கருவி ஒன்றை வைத்து வானொலி தொடங்கினார். வீட்டின் பெயர் 'விட்டல் விஹார்', நிலையத்தின் பெயர் 'ஆகாசவாணி'. அப்பெயர் அவர் இட்டதா, எழுத்தாளர் நா. கஸ்தூரி சொன்னதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. 1940-களின் தொடக்கத்தில் சமஸ்தான அரசு நிலையத்தை ஏற்றுக்கொண்டது. பிறகு அகில இந்திய வானொலியில் சேர்ந்தது. நாடு முழுமைக்குமான அரசுக் குரலுக்கு, ஒரு பேராசிரியர் வீட்டில் புழங்கிய பெயரே நிலைத்தது.

அரசின் கூற்றும் மக்களின் கூற்றும் மோதிய நிகழ்வு ஒன்றும் உண்டு. 1938 ஏப்ரல் 25 அன்று அப்போதைய கோலார் மாவட்டம் விதுராஸ்வத்தத்தில் காங்கிரஸ் கொடி ஏற்றும் போராட்டத்தில் கூடியவர்கள் மீது போலீஸ் சுட்டது. இறந்தவர் 10 பேர் என்றது அரசு. 30-க்கும் மேல் என்றனர் போராட்டக்காரர்கள். அரசு அமைத்த வேப்பா ராமேசம் விசாரணைக் குழுவுக்குப் பிறகும் இந்த வேறுபாடு தொடர்கிறது.

1947 செப்டம்பரில் மக்கள் ஆட்சி கோரும் 'மைசூரு சலோ' போராட்டம் எழுந்தபோது திவானாக இருந்தவர் ஆற்காடு ராமசாமி முதலியார். அவரே முன்பு 'ஜஸ்டிஸ்' பத்திரிகையின் ஆசிரியராக இருந்தவர். அம்மாதம் 13-ஆம் நாள் மாணவர் ராமசாமி துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். அவர் பெயரில் நகரில் ஒரு சர்க்கிள் உள்ளது. அக்டோபரில் கே. சி. ரெட்டி தலைமையில் மக்கள் ஆட்சி அமைந்தது.

1975–77 அவசரநிலையில் நாட்டின் பிற இடங்களைப் போல மைசூரிலும் தணிக்கை நடைமுறையில் இருந்தது. அவசரநிலை முடிந்தபின், 'ஸ்டார் ஆஃப் மைசூர்' மாலை நாளிதழ் 1978-இல் தொடங்கியது.