பலோமர் மலையின் கண்

வானத்தைப் படம்பிடிக்கும் கருவிக்குக் கண்ணாக அமையவேண்டியது ஒரு பெருந்தகடோ, பல சிறு துண்டுகளோ? இவ்வினா கடந்துவந்த வழியை ஒரே தொலைகாட்டியின் வரலாற்றிற் காணலாம். கலிபோர்ணியாவில், பலோமர் மலைமீது 1948 இல் நிறுவப்பெற்ற 48 அங்குலச் சிமிட் தொலைகாட்டியே அது.

1949 தொடக்கம் 1958 வரை அத்தொலைகாட்டி கொண்டு வானப்படத் தொகுதியொன்று ஆக்கப்பட்டது. அக்காலத்தில் அதன் கண், 14 அங்குலச் சதுரக் கண்ணாடித் தட்டு. ஏறக்குறைய ஆறரைப் பாகை அகலமுள்ள வானம் ஒரே தட்டிற் பதிந்தது. முழுமதிகள் பதின்மூன்றை வரிசையாக வைக்கத்தக்க அகலம் அது. ஆயினும் விழுந்த ஒளியில் நூற்றுக்கு ஓரிரு பங்கே பதிவாயிற்று.

1969 இல் பெல் ஆய்வுகூடத்து வில்லார்ட் பொயில், ஜோர்ஜ் சிமித் என்போர் சீ.சீ.டீ. எனும் சிலிக்கன் உணர்கருவியை வகுத்தனர். ஒளியின் பெரும்பங்கை அது பற்றியது. ஆனால், துண்டின் பரப்புப் பெருகப் பெருகக் குற்றமற்றது கிடைப்பது அரிதாகும், விலையும் ஏறும். எனவே, தரைக்கு ஓடு பதிப்பதுபோலத் துண்டுகளை அடுக்க வேண்டியதாயிற்று.

2003 இல் அங்கு அமைந்த 'குவெஸ்ட்' கருவியில் 112 ஒடுங்கிய துண்டுகள். ஒவ்வொன்றிலும் 600 × 2400 புள்ளிகள். தொலைகாட்டி அசையாதிருக்க, புவியின் சுழற்சியால் வானமே துண்டுகளைக் கடந்து செல்லும். விண்மீன்கள் வளைந்து செல்வதால் அகன்ற துண்டிற் படம் மங்கும். ஒடுங்கியதில் அக்குறை குறையும். 2003 ஒக்டோபரில் எடுத்த படங்களிலிருந்தே ஏரிசு என்னும் குறுங்கோள் 2005 இற் கண்டறியப்பட்டது. அதன் விளைவாக 2006 இற் புளூட்டோ தன் கோட்பதவியை இழந்தது.

2009 இல், ஹவாயிலிருந்து வந்த வேறொரு கருவி பொருத்தப்பட்டது. அதிலே 2048 × 4096 புள்ளிகள் கொண்ட 12 துண்டுகள். இடைவெளிகள் குறைந்தன, ஆனால் ஒரு துண்டு செயலற்றிருந்தமையாற் படத்தின் பன்னிரண்டிலொரு பங்கு இருண்டது. நூற்றுப்பன்னிரண்டில் ஒன்று போவது வேறு, பன்னிரண்டில் ஒன்று போவது வேறன்றோ!

2017 இல் 'சுவிக்கி' ஆய்வுக்கருவி வந்தது. ஒன்பது சென்ரிமீற்றர்ப் பக்கமுள்ள 16 துண்டுகள். ஒவ்வொன்றும் 6144 × 6160 புள்ளிகள். 15 சென்ரிமீற்றர் விட்டமுள்ள சிலிக்கன் வட்டிலே இத்தகைய துண்டு ஒன்றே அடங்கும். மற்றுமோர் இடருண்டு. சிமிட் தொலைகாட்டியின் குவியத்தளம் வளைந்தது. அன்றைய மெல்லிய கண்ணாடியை அதற்கேற்ப வளைத்தனர். தட்டையான பெருந்துண்டுகளுக்கோ தனித்தனி வில்லை வைக்க நேர்ந்தது. பயன், ஒரே படத்தில் 47 சதுரப் பாகை வானம். பழைய கண்ணாடி கண்ட பரப்பை, ஏறக்குறைய எழுபது ஆண்டுகளின் பின் சிலிக்கனும் கண்டது.

இனிப் பெரியதே சிறந்தது எனலாமோ? 2025 இல் முதற்படங்களை வெளியிட்ட சிலி நாட்டு வேரா ரூபின் வானாய்வகம், சுமார் நான்கு சென்ரிமீற்றர்த் துண்டுகள் 189 ஐத் தேர்ந்தது. ஒவ்வொன்றுக்கும் 16 வெளிவாயில்கள். ஆதலின் முழுப்படமும் இரண்டு செக்கனில் வெளிவரும். விரைந்து வானெங்கும் நோக்குவது அதன் பணி. துண்டின் அளவைத் தீர்மானிப்பது அப்பணியே.