அமுக்கரா விதையை வீட்டிலேயே போட்டு வளர்க்கலாமா? எந்த மண்? எந்த மாதம்? இலையைச் சாப்பிடலாமா?

உடம்புக்குத் தெம்பு தரும் என்று பொடியாகவும் மாத்திரையாகவும் விற்கப்படும் அஸ்வகந்தா, நம்ம ஊர் அமுக்கராதான். கத்தரி, தக்காளி குடும்பத்துச் செடி. கத்தரி நாற்று விடத் தெரிந்தவர்களுக்கு இதுவும் வரும். ஆனா, வளர்க்கிறதை விட சாப்பிடுறதில்தான் கவனம் தேவை.

எந்த மண்ணில் வரும்?

தண்ணீர் தேங்காத செம்மண், மணல் கலந்த மண் போதும். புதுக்கோட்டை மாவட்டம் திருவரங்குளம் பக்கத்துச் செம்மண் இதற்குத் தோதானது. களிமண்ணாக இருந்தால் மணலும் மக்கிய தொழு உரமும் கலந்துகொள்ளலாம். மண் பரிசோதனை பற்றி இதே ஒன்றியத்தில் உள்ள வம்பன் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்கலாம்.

விதைப்பது எப்படி?

* ஜூன், ஜூலை ஏற்ற மாதங்கள்.
* புது விதையாகப் பார்த்து வாங்குங்கள். பழசானால் முளைப்பு குறையும்.
* இரவு முழுக்க ஊறவைத்து, ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்குள் போட்டு, பூவாளியால் தண்ணீர் தெளிக்கவும்.
* 7 முதல் 15 நாளில் முளைக்கும். சுமார் ஒரு மாத நாற்றைப் பிடுங்கி, ஒரு அடி ஆழமுள்ள தொட்டிக்கு ஒன்று வீதம் நடவும்.
* நல்ல வெயில் வேண்டும். மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர் விடவும்.

வடகிழக்குப் பருவமழையில் தொட்டியில் தண்ணீர் நின்றால் வேர் அழுகிவிடும். தொட்டியைத் தாழ்வாரத்துக்கு மாற்றுவது நல்லது. கத்தரி இலையை அரிக்கும் புள்ளி வண்டு இதையும் விடாது. தினமும் இலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள்.

எப்போது அறுவடை?

5 முதல் 6 மாதத்தில் இலை காய்ந்து, பழம் சிவக்கும். அப்போது செடியை வேரோடு பிடுங்கி, கழுவி, துண்டாக்கிக் காயவைக்க வேண்டும். பழத்தைக் காயவைத்தால் அடுத்த வருடத்துக்கு விதை ரெடி.

காபி மாதிரி சுறுசுறுப்பு தருமா?

இல்லை. இதன் தாவரவியல் பெயர் விதானியா சோம்னிஃபெரா. லத்தீனில் 'சோம்னிஃபெரா' என்றால் தூக்கம் தருவது என்று பொருள். குடித்த உடனே உற்சாகம் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

இலையைப் பயன்படுத்தலாமா?

வீட்டில் வளர்ப்பவர்கள் செய்யக்கூடிய தவறு இதுதான். செடியில் இலை நிறைய இருக்கிறதே என்று கஷாயம் வைத்துக் குடிக்கக் கூடாது. மருந்துக்கு வேர்தான். இலையைத் தவிர்க்கும்படி மருந்துத் தயாரிப்பாளர்களுக்கு மத்திய ஆயுஷ் அமைச்சகம் 2021 அக்டோபரில் அறிவுறுத்தியது. டென்மார்க் 2023-ல் அஸ்வகந்தாவுக்கே தடை விதித்தது. அஸ்வகந்தா எடுத்த சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது.

யார் தவிர்க்க வேண்டும்?

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள் தொட வேண்டாம். தைராய்டு, சர்க்கரை, ரத்த அழுத்தம், தூக்கம் ஆகியவற்றுக்கு மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் சாப்பிடக் கூடாது. மற்றவர்களும் வேரைத் தாங்களே பொடித்துச் சாப்பிடாமல், அளவையும் நாட்களையும் சித்த மருத்துவரிடம் கேட்டுக்கொள்வதே பாதுகாப்பு.