தற்கொலையால் உயிரிழந்தோருக்கான நினைவுப் போர்வைகள்

தற்கொலையால் உயிரிழந்தவர்களின் நினைவாக அவர்களுடைய குடும்பத்தாரும் நண்பர்களும் தைக்கும் ஒட்டுத்துணிப் போர்வைகள் நினைவுப் போர்வைகள் எனப்படுகின்றன. ஒவ்வொரு குடும்பமும் ஒரு துணிச் சதுரத்தைத் தயாரிக்கும். இறந்தவரின் படமும் பெயரும் அதில் இருக்கும். பல சதுரங்களை இணைத்து ஒரே போர்வையாக்கிப் பொது இடங்களில் காட்சிக்கு வைப்பார்கள். அமெரிக்காவில் 1990-களின் இறுதியில் இது ஓர் இயக்கமாக வளர்ந்தது.

முன்னோடிகள்

துக்கத்தைத் துணியில் தைக்கும் வழக்கம் அங்கே பழையது. கென்டக்கியைச் சேர்ந்த எலிசபெத் ரோஸ்பெரி மிட்செல் 1843-இல் தைத்த போர்வையின் நடுவில் ஒரு குடும்ப இடுகாடும், ஓரத்தில் சவப்பெட்டி வடிவத் துணிகளும் உள்ளன. குடும்பத்தில் ஒருவர் இறந்தால் அவருடைய பெட்டியைப் பிரித்தெடுத்து இடுகாட்டில் வைத்துத் தைக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

இந்த வழக்கத்தைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்தது எய்ட்ஸ் நினைவுப் போர்வை. கிளீவ் ஜோன்ஸின் முயற்சியில் உருவான அது 1987 அக்டோபர் 11 அன்று வாஷிங்டனில் முதன்முதலாக விரிக்கப்பட்டபோது, அதில் 1,920 பகுதிகள் இருந்தன. ஒவ்வொன்றும் 6 அடி நீளம், 3 அடி அகலம். ஏறக்குறைய ஒரு புதைகுழியின் அளவு. இறப்பின் காரணத்தை வெளியே சொல்லத் தயங்கிய குடும்பங்கள் பெயரை ஊரறிய எழுதிவைக்க அது வழிசெய்தது.

லைஃப்கீப்பர் போர்வைகள்

தற்கொலையில் பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோருக்கும் அதே தயக்கம் இருந்தது. மருத்துவரான மகளை இழந்த ஜெர்ரி, எல்சி வெய்ரவ் தம்பதி 1996-இல் ஜார்ஜியா மாநிலத்தில் ‘ஸ்பான்’ அமைப்பைத் தொடங்கினர். தற்கொலைத் தடுப்புக்குத் தேசியத் திட்டம் வேண்டும் என்பது அவர்களின் கோரிக்கை. மகனை இழந்த ஒரு தாய் தொடங்கிய ‘லைஃப்கீப்பர்’ போர்வைகள் அந்தக் கோரிக்கைக்கு முகம் கொடுத்தன. மாநிலவாரியாகத் தைக்கப்பட்ட அவற்றில் சிரித்த முகங்கள் வரிசையாக இருந்தன. புள்ளிவிவரமாகவே பேசப்பட்டவர்களை மகனாக, அக்காவாக, அப்பாவாக மக்கள் நேரில் பார்த்தார்கள். 2001-இல் அமெரிக்க அரசு தேசியத் திட்டத்தை வெளியிட்டது.

செய்முறை

படத்தைப் பருத்தித் துணியில் அச்சிட்டுத் தைப்பது ஒரு முறை. இறந்தவரின் உடுப்புகளையே வெட்டிச் சேர்ப்பது மற்றொன்று. டி-ஷர்ட் துணி இழுத்தால் நீளும் என்பதால், வெட்டும் முன் பின்பக்கத்தில் ஒட்டும் துணியை வைத்து இஸ்திரி போடுவார்கள். சட்டைப் பையைப் பித்தானோடு அப்படியே விடுவதும் உண்டு. பிறகு மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி என மூன்றடுக்கையும் சேர்த்துத் தையல் ஓட்டுவார்கள். கத்தரிக்கோல் வைக்க மனம் வராதவர்கள் பொத்தானையோ கைக்குட்டையையோ மட்டும் தருவார்கள்.

உயிர் போன விதத்தைச் சதுரங்களில் குறிப்பிடத் தேவையில்லை. அந்த விவரங்கள் மனம் நொந்திருக்கும் பிறரைப் பாதிக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் ஊடகங்களுக்கு வழங்கிய வழிகாட்டுதல் எச்சரிக்கிறது. இறந்தவர் வாசித்த கிடாரும் வளர்த்த நாயும் சதுரத்தில் இடம்பெறலாம்.

நினைவு நாள்

தற்கொலையால் உறவை இழந்தவர்களுக்கான நாள், அமெரிக்க நன்றி நவிலல் நாளுக்கு முந்தைய சனிக்கிழமை. இதற்கான தீர்மானத்தை 1999-இல் செனட்டில் கொண்டுவந்த ஹாரி ரீட், தம் தந்தையைத் தற்கொலையில் இழந்தவர்.