வலி, அபின், அரசு: மலையிலிருந்து சில குறிப்புகள்

கொடைக்கானல் வரலாறு என்று எழுதப்பட்டவை பெரும்பாலும் 1845இல் தொடங்குகின்றன. மதுரையில் நோய்க்கு ஆட்களைப் பறிகொடுத்த அமெரிக்க மிஷன் அந்த ஆண்டு மலைமேல் ‘சன்னிசைட்’, ‘ஷெல்டன்’ என்று இரண்டு பங்களாக்களைக் கட்டியது. துன்புறும் வெள்ளை உடலுக்கான இடமாகத்தான் இந்த ஊர் பிறந்தது. அதே 1845இல் வங்காளத்து ஹூக்ளியில் ஜேம்ஸ் எஸ்டெயில் என்ற மருத்துவர், தண்டனைக் கைதி ஒருவரை மெஸ்மெரிச முறையில் மயக்கி வலியில்லாமல் அறுவை செய்ததாக அறிவித்தார். மறு ஆண்டு அக்டோபர் 16இல் பாஸ்டனில் – மதுரை மிஷனின் தலைமையகம் இருந்த அதே பாஸ்டனில் – ஈதர் மயக்கத்தில் கத்தி வைத்துக் காட்டினார்கள். வலியின்மை யார் உடலில் சோதிக்கப்பட்டது, யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்பவற்றை வரலாறு தனித்தனி ஏடுகளில்தான் எழுதி வைத்திருக்கிறது.

மோட்டார் சாலை வருமுன் துரைமார்கள் அம்மையநாயக்கனூரில் ரயிலிறங்கி, மாட்டுவண்டியில் அடிவாரம் வந்து, அங்கிருந்து நாற்காலியில் உட்கார்ந்துகொள்ள, நம் ஆட்கள் தோளில் தூக்கி ஏறினார்கள். பழந்தமிழில் ‘வலி’ என்றால் வலிமை. துன்பத்துக்கு ‘நோய்’ என்பார்கள். சுமப்பவனின் பலமும் அவன் வேதனையும் ஒரே சொல்லுக்குள் வந்து விழுந்தது எப்படி என்று மொழியியல்காரர்கள் யாராவது எழுதினால் தேவலை.

நான் பேச வந்தது நாள்பட்ட வலியோடு ஆபரேஷனுக்குப் போகிறவர்களைப் பற்றி. தினமும் மார்ஃபின் எடுத்துப் பழகிய உடல் அந்த அளவையே தன் தரைமட்டமாகக் கொள்கிறது. அறுவைக்கு முன் அதைச் சட்டென்று நிறுத்தினால் பழைய வலி, வெட்டின வலி, மருந்து நின்றதன் நடுக்கம் மூன்றும் ஒன்றாக வந்து சேரும். எனவே வழக்கமான அளவைத் தொடர்ந்து கொடுத்து, புது வலிக்கு அதற்குமேல் தனியாக – நரம்பை மரக்கச் செய்யும் ஊசி, பாரசிட்டமால், தேவையானால் கூடுதல் மார்ஃபின் – மூச்சைக் கவனித்தபடி கொடுக்க வேண்டும். பாடப்புத்தகத்தில் இருப்பதுதான் இதெல்லாம்.

வார்டில் நடப்பது வேறு. என் பெரியம்மாவுக்குப் புற்றுநோய் எலும்பில் ஏறி ஓராண்டாக மார்ஃபின் மாத்திரை. அதையும் மலையிறங்கிப் போய்த்தான் வாங்கி வந்தோம். தொடையெலும்பு முறிந்து கீழே ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது மாத்திரை டப்பாவை வாங்கி வைத்துக்கொண்டார்கள். இரண்டாம் நாள் வியர்த்து நடுங்கினார், வயிறு போனது. கேட்டால், “அந்தம்மா மாத்திரைக்கு அடிமையாயிட்டாங்க, அதான் கேட்டுக்கிட்டே இருக்காங்க.” பெரியம்மா சொன்னது: “வலிக்குதுன்னு சொன்னா நம்ப மாட்டேங்கறாங்கப்பா.”

இந்த நம்பாமையை ஒரு நர்சின் குணமாகச் சுருக்க முடியாது. எலைன் ஸ்கேரி ‘வலியில் உடல்’ நூலில், வலிப்பவருக்கு வலி ஐயத்துக்கு இடமில்லாத உண்மை, கேட்பவருக்கோ ஐயத்தின் உருவம் என்று வாதிடுகிறார். நூல் வந்தது 1985. அதே ஆண்டு நவம்பரில் இந்தியாவில் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் அமலுக்கு வந்தது. அந்த ஐயத்துக்குப் பத்தாண்டுச் சிறை என்ற எடை கிடைத்தது. மாநிலத்துக்கொரு விதி, ஒரே சமயத்தில் செல்லுபடியாக வேண்டிய பல உரிமங்கள். மருந்துக்கடைக்காரர் ஏன் தலைவலியை விலைக்கு வாங்குவார்? 1985க்கும் 1997க்கும் இடையில் நாட்டின் மருத்துவ மார்ஃபின் பயன்பாடு பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சரிந்தது. 1878இன் அபின் சட்டத்தில் உரிமம் கொடுத்து அபின் விற்று வருமானம் பார்த்தது அரசு. இன்றும் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் உரிமத்தோடு விளைவிப்பதும் அதே அரசின் மேற்பார்வையில்தான். செடி நம்முடையது, வலியும் நம்முடையது. இடையில் இருப்பது காகிதம்.

‘போலி அடிமைத்தனம்’ என்ற சொல் 1989இல் அமெரிக்காவில் உருவானது: போதிய மருந்து கிடைக்காததால் கேட்பவரை அடிமை என்று முத்திரை குத்துவது. அங்கே அந்தச் சொல்லையே மருந்துக் கம்பெனிகள் விற்பனைக்கு ஏணியாக்கின என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவர்களுடைய மிகுதியின் பயத்தை நம்முடைய பற்றாக்குறையின்மேல் ஏற்றி வைப்பது என்ன நியாயம்?

2014இல் சட்டத்தைத் திருத்தினார்கள். மார்ஃபின் உள்ளிட்ட ஆறு மருந்துகளுக்குப் பல உரிமங்களின் இடத்தில் ஒரே அங்கீகாரம் போதும் என்றானது. அதற்குள் ஒரு தலைமுறை மருத்துவர்களில் பலர் மார்ஃபின் மாத்திரையைக் கண்ணால் பார்க்காமலே பட்டம் வாங்கிவிட்டார்கள். இன்று வார்டில் முடிவெடுப்பவர்களில் அவர்கள் நிறையப் பேர். 2018இல் டிரமடாலும் அதே சட்டத்துக்குள் போய்ச் சேர்ந்தது.